நம் கடற்கரையில் கார்னெட் கொட்டிக் கிடக்கிறது, வைரம் ஏன் இல்லை?

குமரி மாவட்டம் கடியப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மூன்று கேள்விகளை ஒன்றாகக் கோத்துக் கேட்டிருக்கிறார். நிலக்கரி மண்ணுக்குள் அமுங்கி அமுங்கித்தான் வைரம் ஆகிறதா? வைரம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பவை கார்னெட் என்கிற சிவப்புக் கனிமமும் இல்மனைட் என்கிற கறுப்புக் கனிமமும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அந்த இரண்டுமே மணவாளக்குறிச்சி மணலில் கிடக்கிறதே, அப்படியானால் இங்கே வைரம் கிடைக்க வாய்ப்பு உண்டா? அப்புறம், மழைக்குப் பிறகு வள்ளியாற்று முகத்தில் பொறுக்கிய கண்ணாடி மாதிரி ஒரு கல் கையில் இருக்கிறது, அது என்னவாக இருக்கும்?

முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கும் இல்லை, மூன்றாவது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்கிற சாதாரணப் படிகக்கல். ஆனால் இரண்டாவது கேள்வியை அப்படி ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட முடியாது. கார்னெட்டைப் பின்தொடர்ந்து போய் வைரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், கடற்கரை மணலிலிருந்து வைரம் அள்ளுகிற நாடும் இருக்கிறது. அப்படியிருக்க நம் மணலில் மட்டும் ஏன் இல்லை என்று புரிய வேண்டுமானால், வைரம் எங்கே உருவாகிறது, எந்த வழியாக மேலே வருகிறது என்று முழுசாகப் போய்த்தான் திரும்ப வேண்டும். நிலவியல் படித்து, கருங்கல் மாதிரிகளோடே வேலை பார்த்து வருகிறவன் நான்; எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளும்.

முதலில் நிலக்கரி. வைரமும் கரியும் ஒரே கார்பன்தான் என்பது 1797-லேயே நிரூபணமானது, ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வைரத்தை எரித்து, வந்த வாயுவை அளந்து காட்டினார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்ததும், கரியை அழுத்தினால் வைரம் என்று நாமாகவே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். நிலக்கரி என்பது மரமும் செடியும் புதைந்து ஆனது. நிலத்தில் செடிகள் தலைகாட்டியதே சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். வயது கணிக்கப்பட்ட வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை, 300 கோடியைத் தாண்டியவையும் நிறைய. பூமியில் ஒரு புல் கூட இல்லாத காலத்தில் வைரம் உருவாகிவிட்டது. போதாததற்கு, நிலக்கரிப் படுகைகள் மேலோட்டின் மேல்பகுதியில் சில கிலோமீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன, அங்கே வைரம் உருவாகிற அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது.

ஆய்வுக்கூடத்தில் கூட வெறுமனே அழுத்தி வைரம் செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரம் செய்தபோது, பேரழுத்தத்தோடு உருகிய உலோகம் ஒன்றும் தேவைப்பட்டது. அந்த உலோகத்தில் கார்பன் கரைந்து, பிறகு வைரமாகப் படிந்தது. கரைந்து படிவது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பூமிக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

சரி, எங்கே நடக்கிறது? நம் காலடியில் இருப்பது மேலோடு, கண்டங்களுக்கு அடியில் அது சராசரியாக 35, 40 கிலோமீட்டர். அதற்குக் கீழே மேன்டில். மேன்டில் என்றால் உருகிய நெருப்புக் குழம்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது திடமான பாறை, ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த கனமான பாறை. நகைக்கடையில் நாம் பார்க்கிற வைரங்களில் பெரும்பாலானவை அந்த மேன்டிலுக்குள் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 45,000 முதல் 60,000 மடங்கு அழுத்தத்தில், 900 முதல் 1,300 டிகிரி வெப்பத்தில் உருவானவை. மனிதன் போட்ட ஆழமான துளை ரஷ்யாவின் கோலா துளைதான், அதுவே 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டது. அதாவது வைரம் உருவாகும் இடத்தை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அங்கிருந்து வந்த கற்களை வைத்துத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறோம்.

பலரும் தவறவிடுகிற விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. வைரத்துக்கு அழுத்தம் மட்டும் போதாது, அந்த ஆழத்துக்கு அது கொஞ்சம் குளிர்ந்த இடமாகவும் இருக்க வேண்டும். கார்பனுக்கு இரண்டு உருவங்கள்: அழுத்தம் குறைந்த இடத்தில் பென்சிலில் இருக்கிற கிராஃபைட், மிகுந்த இடத்தில் வைரம். ஆனால் வெப்பம் ஏற ஏற இந்த எல்லைக்கோடு இன்னும் ஆழத்துக்கு இறங்கிவிடும். சூடான மேன்டிலில் அந்த ஆழத்துக்குப் போனால் பாறை நிலையாக நிற்காது, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வைரம் உருவாகி, உருவான இடத்திலேயே நூறு கோடி ஆண்டுகள் பத்திரமாகக் கிடக்க, அசையாத குளிர்ந்த தடித்த பாறை வேண்டும். பூமியில் அப்படிப்பட்ட இடங்கள் கிரேட்டன் எனப்படும் மிகப் பழைய கண்டத் துண்டுகள்தான். 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகக் கலையாமல் இருப்பவை, 200 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேலாக மேன்டிலுக்குள் வேர் விட்டிருப்பவை. தென்னாப்பிரிக்காவில் காப்வால், சைபீரியாவில் ஒன்று, கனடாவில் ஸ்லேவ், நம் நாட்டில் தார்வார், பண்டேல்கண்ட். வைரம் தரும் பாறைகள் இந்தப் பழைய துண்டுகளின் மேல்தான் இருக்கின்றன என்பதை 1966-இல் கிளிஃபோர்ட் என்ற ஆய்வாளர் எடுத்துச் சொன்னார், இன்றைக்கும் வைரம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த வரைபடத்தைத்தான்.

அந்த வேருக்குள் கார்பன் எப்படி வந்தது? கரியமில வாயு, மீத்தேன், கார்பனேட் கரைந்த சூடான திரவங்கள் பாறையின் நுண்ணிய விரிசல்கள் வழியாக ஊடுருவுகின்றன. வழியில் பாறையோடு வினைபுரிந்து, ஆக்சிஜன் கூடியோ குறைந்தோ, கார்பனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாத நிலைக்கு வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகின்றன. அணு அணுவாக வைரம் வளர்கிறது. ஒரே மூச்சில் வளர்வதும் இல்லை, ஒரே கல்லுக்குள் வளர்ந்த அடுக்குகளையும், நடுவில் கரைந்து தேய்ந்து மறுபடியும் வளர்ந்த தடங்களையும் சிறப்பு நுண்ணோக்கியில் பார்க்கலாம். அந்தக் கார்பனில் ஒரு பங்கு பூமி பிறந்ததிலிருந்தே மேன்டிலில் இருப்பது. இன்னொரு பங்கு கடலடித் தரை கண்டங்களுக்கு அடியில் செருகி இறங்கியபோது கூடவே போனது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், தம்பி கேட்ட கார்னெட்டே பதில். வைரம் வளரும்போது பக்கத்தில் இருந்த கனிமத் துணுக்குகளை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். ஆலிவின், குரோமைட், சல்ஃபைடு, அப்புறம் கார்னெட். நகைக்கடைக்காரருக்கு அது கறை, விலையைக் குறைக்கிற குறை. ஆய்வாளருக்கு அதுதான் வைரத்தை விட மதிப்பு, ஏனென்றால் வைரத்தின் வயதை நேரடியாகக் கணிக்க முடியாது, உள்ளே மாட்டிக்கொண்ட துணுக்கின் வயதைக் கணிக்கலாம். 1984-இல் ஸ்டீவன் ரிச்சர்ட்சனும் கூட இருந்தவர்களும் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி, ஃபின்ஷ் சுரங்க வைரங்களுக்குள் இருந்த கார்னெட் துணுக்குகளை எடுத்து அளந்தார்கள். 320 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று வந்தது. அந்த வைரங்களை மேலே கொண்டுவந்த எரிமலைகளுக்கோ, கிம்பர்லியில் சுமார் 9 கோடி, ஃபின்ஷில் சுமார் 12 கோடி ஆண்டுகள்தான் வயது. உருவாகி 300 கோடி ஆண்டுகள் கீழேயே காத்திருந்துவிட்டு, நேற்று வந்தவை என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லா வைரமும் 200 கிலோமீட்டரோடு நிற்பதில்லை. மிகச் சில இன்னும் ஆழத்திலிருந்து, 400, 600 கிலோமீட்டருக்கும் கீழிருந்து வருகின்றன. பிரேசிலின் ஜுயினாவில் கிடைத்த, ஆபரணத்துக்கு உதவாத ஒரு சின்னஞ்சிறு அழுக்கு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமம் இருந்ததை 2014-இல் கிரஹாம் பியர்சன் குழு வெளியிட்டது. பூமிக்குள் 520 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஊகித்து மட்டுமே வைத்திருந்த கனிமம் அது, அதில் ஒரு சதவீதத்துக்கு மேல் தண்ணீரும் கட்டுண்டு இருந்தது. 1905-இல் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தின் இனத்தைச் சேர்ந்த பெரிய கற்களுக்குள் இரும்பு நிக்கல் துளிகள் இருப்பதை 2016-இல் காட்டினார்கள், அவையும் இந்த ஆழத்துச் சரக்குதான். நீல வைரங்களின் நிறத்துக்குக் காரணம் போரான். அதில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடித் தரையில் இருந்திருக்க வேண்டும் என்பது 2018-இல் வந்த ஆய்வு. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூரிலிருந்து போனதாகக் கருதப்படும் ஹோப் வைரமும் அந்த நீல இனத்தைச் சேர்ந்தது.

இதுவரை சொன்னது பாதிதான். வைரம் உருவாவதை விட அது வைரமாகவே மேலே வந்து சேர்வதுதான் பெரிய அதிசயம் என்பது என் கருத்து.

வைரத்தின் அடர்த்தி 3.52. தானாக மிதந்து மேலே வராது. மலைகள் உயர்ந்து தேய்வது போல மெதுவாக வந்தாலும் ஆகாது, வழியில் அழுத்தம் குறையும், வெப்பம் மட்டும் அப்படியே இருக்கும், வைரம் கிராஃபைட்டாக மாறிவிடும். இது வெறும் கணக்கு இல்லை, நடந்திருக்கிறது. மொராக்கோவில் பெனி பௌசெரா, ஸ்பெயினில் ரோண்டா என்ற இரண்டு இடங்களில் மேன்டில் பாறை மெதுவாக மேலே தூக்கப்பட்டு வெளியே தெரிகிறது. அந்தப் பாறைகளுக்குள் எட்டு முகப் படிக உருவத்தில், வைரத்துக்கே உரிய வடிவத்தில், கறுப்பான துண்டுகள் இருக்கின்றன. அத்தனையும் கிராஃபைட். உருவம் மட்டும் வைரத்துடையது.

அதனால் வேகம் வேண்டும், அந்த வேகத்தைத் தருவது கிம்பர்லைட் என்ற மேக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு. மேன்டிலில் 150 கிலோமீட்டருக்கும் கீழே மிகச் சிறிதளவு பாறை உருகும்போது பிறப்பது, கரியமில வாயுவும் நீரும் நிறைந்தது. அது எப்படி இவ்வளவு கனமான கற்களைச் சுமந்துகொண்டு விரைகிறது என்பது நீண்ட காலம் புரியாத புதிராக இருந்தது. 2012-இல் கனடாவின் கெல்லி ரஸ்ஸல் குழு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தது. தொடக்கத்தில் அந்தக் குழம்பில் கார்பனேட்தான் அதிகம், சிலிக்கா குறைவு. ஏறும் வழியில் மேன்டில் பாறையில் உள்ள ஒரு கனிமத்தைக் கரைத்து விழுங்குகிறது, சிலிக்கா கூடுகிறது. சிலிக்கா கூடக் கூடக் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும் திறன் குறைகிறது, வாயு குமிழாகப் பிரிகிறது, குழம்பு இலேசாகி இன்னும் வேகமாக ஏறுகிறது, ஏறும்போது இன்னும் கரைக்கிறது. தன்னைத் தானே முடுக்கிக்கொள்ளும் ஓட்டம்.

வேகம் எவ்வளவு? கிம்பர்லைட்டுக்குள் தலையளவு மேன்டில் பாறைத் துண்டுகள் முழுசாக வந்து கிடக்கின்றன. மெதுவாக வந்திருந்தால் அவை வழியிலேயே கீழே அமிழ்ந்திருக்கும். இந்த மாதிரிக் கணக்குகளை வைத்து, 150 கிலோமீட்டரையும் சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஏறிவிட்டது என்கிறார்கள். கடைசிச் சில கிலோமீட்டரில் வாயு வெடித்துக்கொண்டு கிளம்பும், மேலே அகன்று கீழே குறுகிய ஒரு குழாய் நிலத்தில் துளைபடும். அதைத்தான் கிம்பர்லைட் குழாய் என்கிறோம். இப்படி வெடித்ததைப் பார்த்த மனிதர்கள் பற்றி எந்தப் பதிவும் கிடையாது. தெரிந்ததிலேயே இளையது தான்சானியாவின் இக்விசி குன்றுகள், அதுவே 10,000 ஆண்டுகளுக்கு முந்தையது. 2023-இல் தாமஸ் கெர்னன் தலைமையில் வந்த ஆய்வு, கண்டங்கள் பிளந்து சுமார் 3 கோடி ஆண்டுகள் கழித்துத்தான் கிம்பர்லைட் வெடிப்புகள் உச்சத்துக்கு வருகின்றன என்று காட்டுகிறது, பிளவின் விளிம்பில் தொடங்கும் கலக்கம் கண்டத்தின் அடிவேர் வழியாக மெல்ல உள்ளே நகர்வதுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது.

இவ்வளவு வேகமாக வந்தும் வைரம் சேதமில்லாமல் தப்புவதில்லை. கூடவே வருகிற சூடான குழம்பு அதைக் கரைத்துக்கொண்டேதான் வருகிறது. கூர்மையான எட்டு முகக் கல் விளிம்பு தேய்ந்து உருண்டையாகிவிடும், முகத்தில் சின்னச் சின்ன முக்கோணக் குழிகள் விழும். பட்டை தீட்டிய கல்லில் இதெல்லாம் போய்விடும், ஆனால் எடை குறையக் கூடாது என்று பட்டை தீட்டுகிறவர் சில சமயம் கல்லின் இடுப்பு விளிம்பில் பழைய தோலைத் துளி விட்டுவைப்பார். வீட்டில் பழைய வைரத் தோடு இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அந்த விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மங்கலான திட்டும், அதில் ஒரே திசை பார்த்த முக்கோணங்களும் தெரியும். மேன்டிலிலிருந்து மேலே வந்த வழியில் பட்ட காயம் அது.

குழாய் கிடைத்துவிட்டால் வைரம் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். உலகில் ஆயிரக்கணக்கான கிம்பர்லைட்டுகள் தெரியும், தோண்டிக் கட்டுப்படியாகிறவை மிகச் சிலவே. கிம்பர்லியின் பெருங்குழியில் 1871 முதல் 1914 வரை சுமார் 2.25 கோடி டன் மண்ணையும் பாறையையும் எடுத்து, கிடைத்த வைரம் மூன்று டன்னுக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் மாதிரி லாம்ப்ராய்ட் என்ற இன்னொரு வகைப் பாறையும் வைரம் கொண்டுவரும், வழி ஏறக்குறைய அதேதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை, போர்னியோவில் கிடைத்த கொஞ்சத்தைத் தவிர, உலகத்துக்கு வைரம் கொடுத்தது இந்தியாதான். தென்னாப்பிரிக்கா எல்லாம் அதற்கும் பிறகு, 1860-களின் கடைசியில். கன்னியாகுமரி பகவதி அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கிழக்கு வாசலைச் சாத்தினார்கள் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கதை பிறந்த காலத்தில் தென்னாட்டுக் கோயில்களுக்கு வந்த வைரம் எதுவானாலும் பெரும்பாலும் தக்காணத்து ஆற்றுச் சரளையில் பொறுக்கியதாகத்தான் இருக்கும். அனந்தப்பூர் மாவட்டம் வஜ்ரகரூர் பக்கம் சுமார் 110 கோடி ஆண்டு பழைய கிம்பர்லைட் குழாய்கள் இருக்கின்றன, தார்வார் கிரேட்டன் மேல். மத்தியப் பிரதேசத்தில் பன்னாவுக்குப் பக்கத்தில் மஜ்கவான் குழாயும் அதே காலத்தது. குழாயின் மேல்பகுதி மழையில் தேய்ந்து போகிறது, வைரம் தேய்வதில்லை, ஆறு இழுத்துக்கொண்டு போய் வளைவிலும் குழியிலும் சரளையோடு சேர்த்துவிடுகிறது. கர்னூல், அனந்தப்பூர் பக்கம் இன்றைக்கும் முதல் மழை பெய்ததும் ஜனங்கள் குடும்பத்தோடு வயலில் இறங்கிக் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். அவ்வப்போது யாருக்காவது கிடைக்கவும் செய்கிறது.

இப்போது கார்னெட்டுக்கு. வைரம் அபூர்வம், ஆனால் வைரம் வந்த அதே குழாயில் கூட வந்த கார்னெட்டும் இல்மனைட்டும் வைரத்தை விட எத்தனையோ மடங்கு அதிகம். ஆற்றில் அவை கிடைத்தால் ஆற்றோடு மேலே ஏறிப் போய்க் குழாயைப் பிடிக்கலாம். 1954 கோடையில் லாரிசா பொபுகாயெவா என்ற சோவியத் நிலவியலாளர் சைபீரியாவின் யாகூத்தியாவில் ஓடை ஓடையாக மண்ணை அலசி, பைரோப் என்கிற செந்நிறக் கார்னெட் எங்கே கூடுகிறது என்று பின்தொடர்ந்து போய், ஜர்னித்ஸா என்ற குழாயைக் கண்டுபிடித்தார். சோவியத் நாட்டின் முதல் கிம்பர்லைட் அது. நத்தாலியா சர்சத்ஸ்கிக் என்ற இன்னொரு பெண் நிலவியலாளர்தான் இந்த வழியை வகுத்துக் கொடுத்தவர். கனடாவில் சக் ஃபிப்கேயும் ஸ்டூவர்ட் புளூசனும் பனியாறு இழுத்து வந்த மண்ணில் இதே துணுக்குகளைப் பல ஆண்டுகள் தேடித் தேடி, 1991-இல் லாக் தெ க்ரா ஏரிப் பக்கம் வைரத்தை எட்டினார்கள். 1998-இல் அங்கே எகாட்டி சுரங்கம் திறந்தது.

ஆக, வீடியோவில் சொன்னது உண்மைதான், ஆனால் எந்தக் கார்னெட் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வைரத்துக்குத் துணை வருவது மக்னீசியமும் குரோமியமும் நிறைந்த பைரோப், ஊதா கலந்த சிவப்பு. அதிலும் கால்சியம் குறைந்து குரோமியம் கூடிய வகை இருந்தால் வைரம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று தென்னாப்பிரிக்காவின் ஜான் கர்னி காட்டினார். இல்மனைட்டும் மக்னீசியம் கூடியதாக இருக்க வேண்டும். நம் கடற்கரையில் கிடப்பது இரும்பு நிறைந்த அல்மண்டைன் கார்னெட், மக்னீசியம் குறைந்த இல்மனைட்.

இதன் பிறப்பிடத்தைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் அஸ்திவாரத்துக்கும் மதிலுக்கும் போட்ட உடைகல்லைப் பாருங்கள், வெளிறிய கல்லில் மாதுளை நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். அதுதான் கார்னெட். அந்தக் கொண்டலைட், சார்னோகைட், நைஸ் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒன்றாக ஒட்டியபோது, மேலோட்டுக்குள் 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில் 800 டிகிரிக்கும் மேல் வெந்தவை. வெப்பம் ஏறக்குறைய வைரத்துக்குப் போதும். அழுத்தம் வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தப் பாறைகளிலும் கார்பன் இருக்கிறது, கொண்டலைட்டில் சில இடங்களில் பளபளப்பான கறுப்புச் செதிளாகத் தெரியும், கையில் தேய்த்தால் பென்சில் மாதிரி ஒட்டும். கிராஃபைட். கார்பன் எந்த ஆழத்தில் எந்த உருவம் எடுக்கும் என்பதற்கு நம் மாவட்டத்துப் பாறையை விட நேரான சாட்சி வேண்டியதில்லை. கீழே தடித்த குளிர்ந்த வேரும் நம் பக்கம் கிடையாது, தார்வார் கிரேட்டன் வடக்கே வெகுதூரத்திலேயே முடிந்துவிடுகிறது. இங்கே கிம்பர்லைட் எதுவும் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை.

மலையில் தேய்ந்த இந்தத் துகள்களைக் குழித்துறை ஆறும் வள்ளியாறும் பழையாறும் கடலுக்குக் கொண்டுவருகின்றன. தென்மேற்குப் பருவத்து அலை, சுளவில் அரிசி புடைக்கிற மாதிரி, இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கனமானதைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. கறுப்பும் சிவப்புமாக வரி வரியாகத் தெரிவது அதுதான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்து, அதைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். இதே வேலையைக் கடல் நமீபியாவிலும் செய்கிறது. தென்னாப்பிரிக்கக் குழாய்களில் தேய்ந்து வந்த வைரத்தை ஆரஞ்சு ஆறு அட்லாண்டிக்கில் கொட்டுகிறது, அலை அதை வடக்கே கரையோரமாகத் தள்ளிச் சேர்க்கிறது. விரிசல் உள்ள கல்லெல்லாம் வழியிலேயே உடைந்துவிடுவதால் கரைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் நல்ல தரம். 1908-இல் லூடரிட்ஸ் பக்கம் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி கையில் ஒன்று கிடைத்ததுதான் தொடக்கம். ஆக, கடல் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் உழைக்கிறது, ஆற்றின் தலைமாட்டில் என்ன பாறை இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நம் மணலில் நிறமில்லாமல் மினுங்குகிற துகள் ஒன்று உண்டு, அதைப் பார்த்து வைரம் என்று சிலர் நம்புகிறார்கள். அது சிர்கான். அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது: நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிற கல் சிர்கோனியம் ஆக்சைடு, அதற்கான சிர்கோனியம் பெரும்பாலும் இந்த மாதிரிச் சிர்கான் மணலிலிருந்துதான் வருகிறது.

கடைசியாகத் தம்பி கையில் உள்ள கல். சுத்தியலால் அடித்துப் பார்க்க வேண்டாம், அசல் வைரமும் உடையும், கீறல் தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. கண்ணாடியைக் கீறிப் பார்ப்பதிலும் பயன் இல்லை, குவார்ட்ஸும் கீறும். நகைக்கடைத் தராசில் கல்லை ஒருமுறை அப்படியே நிறுத்துங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்துங்கள். முதல் எடையை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 2.65 வந்தால் குவார்ட்ஸ், 4.6 பக்கம் வந்தால் சிர்கான். 3.5 வந்தாலும் உடனே துள்ள வேண்டாம், புஷ்பராகம் என்கிற டோபாஸின் அடர்த்தியும் அதேதான், அப்போது நாகர்கோவிலில் வைரம் விற்கிற கடை எதிலாவது வெப்பம் கடத்துவதைப் பார்க்கும் பேனா போன்ற சோதனைக் கருவி இருக்கும், அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு பக்கம் சிப்பியின் உட்புறம் மாதிரி வளைவாக உடைந்திருக்கிறது, தட்டையான பிளவு எங்கேயும் தெரியவில்லை. வைரம் தட்டையாகப் பிளக்கும் கல். எனக்கு 2.65 என்றுதான் தோன்றுகிறது, நிறுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.